பதினான்காம் எண் பட்டை

என் பெயரையும் வீட்டு முகவரியையும் நான் கேட்டுக்கொண்டபடி, வாக்குமூலம் எழுதும் அதிகாரி தனித்தாளில் எழுதி உறையில் வைத்திருக்கிறார். வயது பதினேழு. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். மருத்துவமனைகளுக்குப் போகும் ஊசி, பஞ்சு முதலியவற்றைப் பெட்டியோடு கதிர் அறைக்குள் அனுப்பிக் கிருமி நீக்கும் தொழிற்சாலையில், சலவைப் பிரிவில் பதினோரு மாதமாக வேலை செய்கிறேன். என் அப்பா அங்கேயே கதிர் அறைக்குள் போய்ப் பழுது பார்ப்பவர்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் நான் முதலில் பார்த்தது, கறுப்புப் பெட்டியின் மூடி இடுக்கில் தெரிந்த பச்சை வெளிச்சம். அதற்கு முந்தைய வாரங்களில் அந்த இடுக்கு இருட்டாகத்தான் இருந்தது.

கதிர் அறைக்குள் போகிறவர்கள் வாரம் ஒருமுறை வாய் கொப்பளித்துவிட்டு, தங்கள் எண் ஒட்டிய சிறு குழாயில் எச்சில் துப்பித் தர வேண்டும். அதில் ஒரு பட்டையை நனைத்து, கறுப்புப் பெட்டிக்குள் நீல விளக்கின் கீழ் வைப்பார்கள். பட்டையில் மாவைவிட நுண்ணிய துகள் பூசியிருக்கிறது என்றும், கதிர் பட்டு உடம்பின் டிஎன்ஏ இழை அறுந்திருந்தால் அந்தத் துகள் அறுந்த முனையில் ஒட்டிக்கொண்டு பச்சையாக ஒளிரும் என்றும், பட்டை பார்க்கும் அண்ணன் சொல்லியிருக்கிறார். அவரை எல்லோரும் டார்ச் என்று கூப்பிடுவார்கள். குழாய்களைச் சேர்த்து அவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் வேலை.

ஐந்து மாதத்துக்கு முன்பு, அப்பாவோடு வேலை செய்த ஒருவருடைய பட்டை லேசாக ஒளிர்ந்ததால் அவரை அன்றே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு அப்பா தன் குழாயைக் காலியாகவே என்னிடம் கொடுத்தார். "நீயே துப்பிக் குடும்மா. சின்னப் புள்ள எச்சில்ல என்ன இருக்கப் போகுது, பொய்கூட இருக்காது" என்றார். நான் யாரையும் எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. அன்றிலிருந்து அப்பாவின் பதினான்காம் எண் குழாயில் இருந்ததெல்லாம் என் எச்சில். இதைச் சொன்னால் அப்பாவுக்கு வேலை போகும் என்று தெரிந்தே சொல்கிறேன்.

டார்ச் மூடியைத் திறந்து எண்ணைப் பார்த்தார். "உங்கப்பாவோடதும்மா" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஒரு நாளும் கதிர் அறைக்குள் போனதில்லை. ஈறில் புண் இருந்து அதனால் ஒளிர்ந்ததோ என்று நாக்கால் தடவிப் பார்த்தேன். புண் இல்லை.

அதன் பிறகு டார்ச் அப்பாவை வரச் சொல்லி, தன் கண்முன்னே துப்பச் சொல்லி, புதுப் பட்டையை நனைத்துப் பெட்டிக்குள் வைத்தார். பத்து நிமிடம் கழித்துத் திறந்தார். பட்டை ஒளிரவில்லை.

"அட, நல்லாத்தான் இருக்குண்ணே! முதல் பட்டைதான் கோளாறு" என்றார்.

"எனக்கு ஆயுசு கெட்டிடா. நீங்க லேசுல போக மாட்டீங்கன்னு என் பொண்டாட்டி அப்பவே சொன்னா" என்று அப்பா சிரித்தார். சிரித்தபடியே என்னைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. தொப்பியை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். அதன் பிறகு என் முழங்கையைப் பிடித்து, "வீட்ல போய்ப் பேசிக்கலாம். இங்க வாயத் தொறக்காத" என்று காதருகே சொன்னார்.

சலவை அறையின் பின்சுவர்தான் கதிர் அறையின் சுவர். ஆறு வாரத்துக்கு முன்பு புதுச் சலவை இயந்திரம் வந்தபோது, தண்ணீர்க் குழாய் பதிக்க அந்தச் சுவரை ஆழமாகக் குடைந்து, பூசாமல் பலகையால் மறைத்துவிட்டுப் போனார்கள். அப்போது நான் அங்கே இருந்தேன். அந்தப் பலகையை ஒட்டித்தான் இஸ்திரி போடும் அக்காவின் மேசை. அக்காவுக்கு இது ஏழாம் மாதம்.

டார்ச் முதல் பட்டையைக் குப்பைத்தொட்டியில் போடக் கையை நீட்டினார். "அண்ணே" என்றேன். அவர் கவனிக்கவில்லை. மறுபடி, "அண்ணே, அது என்னோட எச்சில்" என்றேன். அப்பா என் கையை விட்டுவிட்டார்.

"நீ உள்ளயே போனதில்லையேம்மா?" என்றார் டார்ச்.

"செவுரு" என்று மட்டும் சொன்னேன். அதன் பிறகு காலிக் குழாய் ஒன்றை எடுத்துக்கொண்டு சலவை அறைக்கு ஓடி, அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"என்னடி, பேயறஞ்ச மாதிரி இருக்க? மெதுவா இழு, நான் ஒருத்தி இல்ல, ரெண்டு பேரு" என்று சிரித்துக்கொண்டே வந்தார். வெளிவாசல் வெயிலில் நிறுத்திய பிறகு, "சொல்லேன்டி, என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

குழாயின் மூடியைத் திறந்து அக்காவிடம் நீட்டினேன்.

இவ்வளவும் என் வாயால் சொன்னது. அதிகாரி நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினார். கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை. யாரும் மிரட்டிச் சொல்லவைக்கவில்லை. உண்மை என்று கையொப்பமிடுகிறேன்.

(கையொப்பம்)