எங்கட ஆள்

வீரகத்தி: "அன்பார்ந்த பங்குதாரர்களே! கடலன்னை விளையாட்டுக் கழகத்தின் தலைவர் என்ற முறையில்..." என்ன மாஸ்டர், இப்பவே கொட்டாவி விடுறீங்க?

மாஸ்டர்: "என்ற முறையில்" எண்டு நீங்க சொல்லி முடிக்க முந்திப் பாதிச் சனம் எழும்பிப் போயிரும், சம்மாட்டி. விடியக்காலம் தொட்டு ஒங்கட கரைவலைய இழுத்த களையில கூட்டத்துக்கு வந்து குந்தப்போகுதுங்க. நேரா விசயத்துக்கு வாங்க.

வீரகத்தி: தலைவர் உரையெண்டா கொஞ்சம் மரியாதையா இருக்க வேணாமா? போன வருசமும் நீங்கதானே செயலாளர், நீங்கதானே எழுதித் தந்த?

மாஸ்டர்: போன வருசம் நாம கப் எடுத்த வருசம். என்னத்தச் சொன்னாலும் கை தட்டினாங்க. இந்த வருசம் அந்தக் கை எங்க போகுமோ... கழுத்துக்கும் வரலாம்.

வீரகத்தி: பகிடி விடாதீங்க. கேள்வி கேட்டுப் பழக்கிவிடுங்க.

மாஸ்டர்: சரி, சரி. இப்ப நான்தான் பங்குதாரர். முன் வரிசை வாங்குல குந்தியிருக்கிறேன். கேக்கிறேன். "தலைவரே, வீட்டுக்கு வீடு பங்கு போட்டுத்தானே கழகத்துக்கு போட் வாங்கினோம்? அந்த மீன் காசெல்லாம் எங்க?"

வீரகத்தி: போட் கரையில கவிண்டு கிடக்கு. கொழும்புல குண்டு வெடிச்சதில இருந்து ராவுல கடலுக்கு நேவிக்காரன் விடுறானில்ல. பகல்ல போய் எடுக்கிற மீன் எஞ்சினுக்கு எண்ணெய் அடிக்கவே காணாது.

மாஸ்டர்: நல்லா இருக்கு. இப்படியே சொல்லுங்க. "அப்ப இந்த வருசம் பங்குக்கு லாபம்?"

வீரகத்தி: லாபமா? எஞ்சின் திருத்தின செலவு, மெச்சுக்குப் போன லொறிக்கூலி, பொடியனுகளுக்குச் சப்பாத்து... எல்லாம் போக மிச்சம் பூச்சியம்.

மாஸ்டர்: பூச்சியம் எண்டு சொல்லாதீங்க. "கையிருப்பு சற்றுக் குறைவு" எண்டு சொல்லுங்க.

வீரகத்தி: பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் றிப்போட் எழுதுறீங்களா?

மாஸ்டர்: ஒங்கட மகனுக்கு அப்படித்தான் எழுதினேன். அடுத்தது, ஊருக்கு என்ன செஞ்சோம் எண்ட பகுதி. வாசிங்க.

வீரகத்தி: "அம்மன் கோயில் தீமிதிப்புக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டது நம் வீரர்களே. மன்னார்ப் பக்கத்தில் இருந்து இடம்பெயர்ந்து வந்த மக்களுக்கு முகாமில் கிணறு வெட்டிக் கொடுத்தது நம் கழகமே. ஊர்ப் பிள்ளை, முகாம் பிள்ளை என்று பேதம் பாராமல், எல்லாரும் எங்கள் பிள்ளை என்று..."

மாஸ்டர்: அந்த வரிய வெட்டுங்க.

வீரகத்தி: நீங்க எழுதினது.

மாஸ்டர்: போன வருசம் எழுதினது. அதைப் பார்த்துப் பார்த்து இதுலயும் எழுதிட்டேன். வெட்டுங்க சம்மாட்டி.

வீரகத்தி: வெட்டியாச்சு. இப்ப கடைசிப் பகுதி. "அடுத்த ஆண்டு சிலாபத்து லீக்கில் முதல் பிரிவு. அதன் பின் கொழும்பு. மைதானத்தைச் சுற்றி மதில்..."

மாஸ்டர்: நிப்பாட்டுங்க. நான் எழும்பிக் கேக்கிறேன். "கொழும்புக்குப் போறது இருக்கட்டும். கோலுக்கு யாரு நிக்கிற?"

வீரகத்தி: ஐயாத்துரையிட மகன் நிப்பான்.

மாஸ்டர்: "அவன் பந்தக் கண்டா கண்ண மூடுறவன். நம்ம கோலி சூசைதாசன் எங்க? ஆமி பிடிச்சு ஒரு மாசமாகுது. அவனை எடுக்கிறதுக்குக் கழகம் என்ன செஞ்ச?"

வீரகத்தி: நாங்க... கெஞ்சினோம். கால்ல விழாத குறை. விடமாட்டேன் எண்டுட்டான்.

மாஸ்டர்: அதைச் சொல்லக்குள்ள என்னைப் பார்க்காதீங்க. சனத்தைப் பார்த்துச் சொல்லுங்க.

வீரகத்தி: ஒங்களைப் பார்த்தே சொல்ல முடியல்ல. சனத்தை எப்படிப் பார்க்கிற?

அனஸ்தாசியா: உள்ளுக்கு ஆரும் இருக்கிறீங்களோ? கதவு சாத்தியிருக்கு...

மாஸ்டர்: போச்சு. சூசைதாசன்ட தாய்.

வீரகத்தி: அனஸ்தாசியாவா? இந்த நேரத்துலயா... வாங்க தங்கச்சி, வாங்க. மாஸ்டர், அந்தக் கதிரைய இழுத்துப் போடுங்க. தேத்தண்ணி குடிக்கிறீங்களா?

அனஸ்தாசியா: வேண்டாம் சம்மாட்டியார். வெளியில சனம் வரத் தொடங்கீற்றுது. கூட்டத்துக்கு முன்னம் உங்களோட ஒரு கதை கதைக்க வேணும்.

மாஸ்டர்: கூட்டம் முடியட்டுமே, அக்கா. ஆறுதலாக் கதைப்போம்.

அனஸ்தாசியா: முடிஞ்ச பிறகு ஆறுதலா... ஒரு மாசமா அதைத்தானே மாஸ்டர் சொல்லுறீங்கள்? நான் வந்தா, நீங்கள் பள்ளிக்கூடம். சம்மாட்டியார் கடல். கடலுக்கும் விடுறாங்களில்லை எண்டு பிறகுதான் கேள்விப்பட்டன்.

வீரகத்தி: அப்படி இல்ல தங்கச்சி...

அனஸ்தாசியா: நான் கோவத்தில சொல்லேல்லை. கருவாடு காயப்போட்டு வித்து இந்தக் கழகத்தில அரைப் பங்கு எடுத்தனான். முழுப் பங்கெடுக்க வழி இல்லை. அரைப் பங்குக்காரி எழும்பிக் கேள்வி கேக்கேலுமோ? அதைத்தான் கேக்க வந்தனான்.

மாஸ்டர்: என்ன கேக்கப் போறீங்க?

அனஸ்தாசியா: கணக்குக் கேக்கேல்லை. லாபமும் கேக்கேல்லை. கூட்டம் முடிஞ்ச கையோட, வந்த சனம் அவ்வளவும் எழும்பி ஆமிக் காம்புக்கு வர வேணும். தலைவர் முன்னால வரவேணும். போய், "சூசைதாசன் எங்கட கழகத்துப் பிள்ளை, எங்கட கோலி, எங்கட ஆள்" எண்டு ஒரு வார்த்தை சொல்ல வேணும். அவ்வளவுதான்.

மாஸ்டர்: அக்கா, அது அப்படி லேசான வேலை இல்ல. கூட்டமாப் போனா அவங்க வேற மாதிரி எடுப்பாங்க.

அனஸ்தாசியா: அப்ப நீங்கள் ரெண்டு பேர் வாங்கோ. போதும்.

மாஸ்டர்: முதல்ல ஒரு பெட்டிசம் எழுதிப் போட்டு...

அனஸ்தாசியா: பெட்டிசம் போய்ச் சேரேக்குள்ள பிள்ளை இருப்பானோ, மாஸ்டர்? காம்புக்குப் பின்பக்கம் விறகு பொறுக்கப் போற பெண்டுகள் சொல்லுதுகள். சத்தம் கேக்குதாம். இப்ப ரெண்டு நாளா அந்தச் சத்தமும் இல்லையாம்.

வீரகத்தி: ஐயோ, மாரியம்மா...

மாஸ்டர்: அக்கா, கேக்கிறேன் எண்டு கோவிக்கப்படாது. பெத்த தாய் நீங்க. நீங்க போய் அழுது கேட்டா எங்களை விட அவங்களுக்கு மனசு இரங்குமே? நீங்க ஏன் இன்னும் போகல்ல?

அனஸ்தாசியா: நான் போனாச் சரிவராது.

மாஸ்டர்: ஏன்?

அனஸ்தாசியா: ஏனெண்டு கேக்காதேங்கோ. சரிவராது. அவ்வளவுதான்.

மாஸ்டர்: அப்ப நாங்க மட்டும்...

அனஸ்தாசியா: நீங்கள் ஊர்க்காரர். பரம்பரை பரம்பரையா இந்தக் கரையில இருக்கிறனீங்கள். சம்மாட்டியாருக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. சிலாபத்து முதலாளிமாரெல்லாம் தோள்ல கை போட்டுக் கதைக்கிற ஆள். எங்களுக்கு என்ன இருக்கு? முகாமில தந்த பதிவுத் துண்டுக் கடதாசி ஒண்டு. அதைக் காட்டினாலே எங்க இருந்து வந்தனீ எண்டுதான் கேப்பாங்கள்.

வீரகத்தி: தங்கச்சி, நான் ஒண்டு சொல்றேன். ஒங்கட அரைப் பங்கை முழுப் பங்காக் கணக்கு வச்சு இப்பவே காசாத் தாறேன். என்ட கைக்காசு. ஒரு லோயரைப் பிடிங்க. இன்னைக்குக் கூட்டத்துல மட்டும்...

அனஸ்தாசியா: கூட்டத்தில மட்டும் வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லுறீங்களோ?

வீரகத்தி: அப்படிச் சொல்லல்ல...

அனஸ்தாசியா: அப்படித்தான் சொன்னனீங்கள். என்ன சம்மாட்டியார், நீங்கள் இப்படி ஆளில்லையே. என்ர பிள்ளை முதல் முதல் விளையாட வந்த அண்டைக்கு, "இவன் கை இல்ல, றால் வலை" எண்டு சொல்லிக் கட்டிப் பிடிச்ச ஆள் நீங்கள். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சோறு போட்டனீங்கள். இப்ப ஏன் என்ர முகத்தைப் பார்க்கிறீங்களில்லை?

மாஸ்டர்: அக்கா, மெதுவா. சன்னலுக்கு வெளியில ஆள் நிக்குது.

அனஸ்தாசியா: நிக்கட்டும். மெச்சுக்குப் போய் லொறியில வந்த பெடியளிட்ட ஒவ்வொருத்தனாக் கேட்டனான். பாலத்தடி ஆமிச் சென்றியில லொறியை மறிச்சு, தங்களை றோட்டில குப்புறப் படுக்கச் சொன்னதாம். தலையை நிமித்தேலாதாம். தலைவரும் மாஸ்டரும்தான் ஆமிப் பெரியவனோட நிண்டு கதைச்சதாம். பிறகு எல்லாரையும் லொறியில ஏறச் சொன்னதாம். ஏறிப் பார்த்தா அவனைக் காணேல்லையாம். நடுவில என்ன நடந்தது எண்டு ஒருத்தனுக்கும் தெரியேல்லை. உங்கள் ரெண்டு பேருக்கும்தான் தெரியும். அதையும் கூட்டத்தில கேப்பன்.

மாஸ்டர்: நாங்கதான் சொன்னோமே, கெஞ்சினோம், விடல்ல...

வீரகத்தி: மாஸ்டர், போதும்.

மாஸ்டர்: சம்மாட்டி, யோசிச்சு...

வீரகத்தி: ஒரு மாசமா யோசிச்சாச்சு. சோறு இறங்குதில்ல. பொண்டாட்டி பூசாரியக் கூப்பிட்டுத் தண்ணி ஓதிக் குடுத்துப் பார்க்கிறா. தங்கச்சி, கேளுங்க. அந்தப் பெரியவன் எல்லாருட ஐடென்ட்டி கார்டையும் வாங்கிப் பார்த்தான். ஊர்ப் பொடியனுகளுக்கு ஐடென்ட்டி இருந்துச்சு. சூசைட கையில முகாம் துண்டு. பெரியவன் அதைப் பிடிச்சுக்கொண்டு என்னைப் பார்த்தான். "இவனும் உங்க ஆளா?" எண்டான்.

அனஸ்தாசியா: நீங்கள் ஓம் எண்டனீங்களோ?

வீரகத்தி: "யோசிச்சுச் சொல்லு. உங்க ஆள் எண்டா நீங்க எல்லாரும் ஒரே கூட்டம். எல்லாரையும் உள்ளுக்குப் போட்டுத்தான் விசாரிப்பேன்" எண்டான். ரோட்டுல பத்துப் பொடியன் குப்புறக் கிடக்கிறான். அதுல ஒருத்தன் என்ட மகன். எல்லாரும் நீலச் சட்டை. கோலிக்கு மட்டும்தானே மஞ்சள்...

அனஸ்தாசியா: சொல்லுங்கோ.

வீரகத்தி: "மஞ்சள் சட்டைக்காரன் எங்கட ஆள் இல்ல மாத்தயா. வழியில கை காட்டினான், பாவமெண்டு ஏத்தினோம். யாரெண்டு தெரியாது." நான்தான் சிங்களத்துல சொன்னேன். இந்த வாயாலதான்.

மாஸ்டர்: பிறகு அந்தப் பெரியவன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன் அக்கா. நான் வாய் திறக்கல்ல. தலையத்தான் ஆட்டினேன்.

அனஸ்தாசியா: என்ர பிள்ளை... அதைக் கேட்டவனோ?

வீரகத்தி: பக்கத்துலதான் கிடந்தான். அவனுக்குச் சிங்களம் கொஞ்சம் விளங்கும்தானே. மெச்சுக்குப் போகக்குள்ள நான்தான் சொல்லிக் குடுத்த.

அனஸ்தாசியா: ...

மாஸ்டர்: அக்கா, ஏதாவது பேசுங்க. ஏசுங்க. மண்ணள்ளித் தூத்துங்க. இப்படி இருக்காதீங்க.

வீரகத்தி: நான் இதைச் சொல்லிப் பிழைக்கப் பார்க்கல்ல. இப்ப வெளியில போறேன். போட்டும் வேணாம், லீக்கும் வேணாம், உரையும் வேணாம். நான் சொன்ன பொய்ய முதல்ல சனத்துக்கிட்டச் சொல்றேன். காறித் துப்பினாலும் துப்பட்டும். பிறகு எல்லாருமாக் காம்புக்குப் போவோம். ஆனா ஒண்டு. நீங்க எனக்கு முன்னால வரணும் தங்கச்சி.

அனஸ்தாசியா: நான் வரேலாது.

வீரகத்தி: வரத்தான் வேணும். ஒருக்கா இல்லையெண்ட வாய் இது. திரும்பப் போய் ஓமெண்டா எப்படி நம்புவான்? பெத்தவ வந்து, "இது என்ட வயித்துல பிறந்த பிள்ளை" எண்டு சொன்னாத்தான் என்ட சொல்லுக்கும் ஒரு பெறுமதி இருக்கும். ஒங்கட வாயத்தான் நம்புவான்.

அனஸ்தாசியா: என்ர வாயையும் நம்பமாட்டான், சம்மாட்டியார். போன கிழமை அவனை ஜீப்பில முகாமுக்குக் கொண்டுவந்தவங்கள். முகாமில ஒருத்தரும் உங்களிட்டச் சொல்லியிருக்க மாட்டினம், எனக்காக. முகம் அடையாளம் தெரியாத அளவுக்கு வீங்கி... எனக்கு மட்டும் தெரிஞ்சுது. பொம்பிளையளை வரிசையில நிக்க வைச்சு, இவன் ஆரின்ர பிள்ளை எண்டு கேட்டுக்கொண்டு வந்தாங்கள். எனக்குப் பின்னால என்ர ரெண்டு குமர்ப் பிள்ளையளும் சீலையைப் பிடிச்சுக்கொண்டு நடுங்குதுகள். உன்ர மகனோ எண்டு கேட்டான். நான் இல்லையெண்டிட்டன். பிறகு அவனிட்டத் திரும்பி, இது உன்ர அம்மாவோ எண்டு கேட்டான். அவன் என்னை நல்லாப் பார்த்தவன், சம்மாட்டியார். தங்கச்சியவையையும் பார்த்தவன். பார்த்துப்போட்டு, "இந்த அம்மாவை நான் முன்னப்பின்னக் கண்டதில்லை" எண்டு சொன்னவன்.