வெள்ளிக்கிழமை மெயில்

இல்லம்மா, நீங்க செஞ்சு குடுத்த வெப்சைட் வந்துடுச்சு. அதுல ஒரு குறையும் இல்ல. என் மெத்தைக் கடை பேரை அடிச்சா படமெல்லாம் பளிச்சுன்னு வருது. மெயில்தான் வரல. நேத்து மதியத்துலேர்ந்து ஒண்ணுகூட இல்ல.

என்ன பண்ணேனா? உங்க ஆபீஸ் தம்பிதான் சொன்னாரு, கடைப் பேரைப் பதிஞ்ச கம்பெனியோட பக்கத்துக்குள்ள போங்க, வெப்சைட்டோட பழைய நம்பரை எடுத்துட்டு எங்க நம்பரைப் போடுங்கன்னு. போனேன். அங்க ஏழெட்டு வரி இருந்துச்சு. எது என்னன்னு நான் என்னத்தைக் கண்டேன்? மெத்தையில பழைய பஞ்சைக் கொஞ்சம் விட்டுட்டுப் புதுசை அடைச்சா கட்டி தட்டிடும்மா, மொத்தமா உருவிடணும். முப்பது வருஷப் பழக்கம். எல்லா வரியையும் அழிச்சுட்டு உங்க வரி ஒண்ணை மட்டும் போட்டேன்.

அதுல ஒண்ணு மெயிலுக்கான வரியா? சரிம்மா, திட்டாதீங்க. திட்டலையா, சரி. சொல்லுங்க, அடிக்கறேன். கொஞ்சம் மெதுவா, ஒவ்வொரு எழுத்தா. மறுபடி சொல்லுங்க. ம். போட்டாச்சு.

இனிமே வர்றதெல்லாம் வந்துடுமா? நல்லது. ஏற்கெனவே அனுப்பினது? அனுப்பினவங்களுக்கே திரும்பிப் போயிருக்குமா? எழுதினது அப்படியே தெரியுமா? யாருக்கு எழுதினதுன்னும் இருக்குமா?

இல்ல, லைன்லதான் இருக்கேன். கடை ஷட்டரை இறக்கறேன், அந்தச் சத்தம்தான்.

ஆர்டர் போனா போயிட்டுப் போகுதும்மா. அதுக்கா நான் காலையிலேர்ந்து உங்க எல்லாரோட உயிரையும் வாங்கறேன்? என் பொண்ணு மெயில் வரணும். கட்டிக் குடுத்த இடம் சரியில்லம்மா. மாப்பிள்ளை அவ போனைப் புடுங்கி வெச்சிருக்கான். அவன் ஷிப்ட்டுக்குப் போனப்புறம் அவனோட கம்ப்யூட்டர்லேர்ந்து, அவனோட மெயில்லேர்ந்தேதான் எனக்கு அனுப்புவா. வெள்ளிக்கிழமையானா ஒரு வரி, உசுரோட இருக்கேன்பான்னு. அனுப்பின கையோட அழிச்சுட்டு மூடிடுவா. போய்க் கூட்டிட்டு வந்துடறேன்னு எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன். அவசரப்படாதீங்கப்பா, அவன் இல்லாத நாளாப் பாத்து நானே சொல்றேன்னுவா. போன வாரம்தான் எழுதினா, அடுத்த வெள்ளிக்கிழமை நாள் சொல்லிடறேன், வந்துடுங்கன்னு.

இன்னைக்குத்தாம்மா வெள்ளிக்கிழமை.

நீங்க ஏன் அழறீங்க? உங்க தப்பு ஒண்ணும் இல்ல. வரியை அழிச்சவன் நான்.

இல்லம்மா, திரும்பிப் போன மெயிலை அவன் இன்னும் பாத்திருக்க மாட்டான். வேலை செய்யற இடத்துல போனை வாசல்லயே வாங்கி வெச்சுடுவாங்க. ஆறு மணிக்குத்தான் கையில குடுப்பாங்க. இப்ப மணி மூணேகால். இங்கேர்ந்து அவ வீட்டுக்கு ரெண்டரை மணி நேரம்.

அவளா வெளிய வர முடியாதும்மா, வெளிப்பக்கம் பூட்டிட்டுத்தான் போவான். சரி, வெச்சுடறேன். பக்கத்து இரும்புக் கடையில கடப்பாரை ஒண்ணு கேட்டு வாங்கணும்.