சரியாக விசாரித்துத்தான் அனுப்பினேன்

வீட்டில் குழாய், கேஸ் வேலைக்கு வருகிறவரிடம் "வேலை தெரியுமா" என்று கேட்பது வீண். தெரியாது என்று சொன்ன ஆள் இன்னும் பிறக்கவில்லை. லைசென்ஸைக் கேட்க வேண்டும். காட்டினால், அதைக் கொடுத்த அலுவலகத்துக்குப் போன் போட்டு உண்மைதானா என்று கேட்க வேண்டும். முன்பு வேலை செய்த வீட்டுக்குப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும். கடைசியாக நான் ஒன்று செய்வேன். வேண்டுமென்றே ஒரு தப்பான வேலையைச் செய்யச் சொல்வேன். "அது ஆகாதுங்க, வேற ஆளப் பாருங்க" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்பவரைத்தான் அமர்த்துவேன்.

இதனால் உறவில் யார் வீட்டில் குழாய் ஒழுகினாலும் என்னிடம்தான் ஆள் கேட்பார்கள். கேட்டு வாங்கிக்கொண்டு முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். எனக்குச் 'சல்லடை' என்று பெயர் வைத்தவர் என் அண்ணன். அவருக்கு முதுகெல்லாம் தேவையில்லை, முகத்துக்கு நேரே சிரிப்பார். எனக்கு அமைந்து வந்த ஒரே சம்பந்தத்தையும், "இவன் பொண்டாட்டிகிட்டயும் லைசென்ஸ் கேப்பான்" என்று பெண் வீட்டார் நடுவில் சொல்லிச் சிரித்தே கலைத்தார். அன்றிலிருந்து அவரை வெறுத்தேன். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

போன மாதம் அவர் குளியலறைக்குக் கேஸ் ஹீட்டர் வாங்கினார். "டேய் சல்லடை, மாட்ட ஒரு ஆள அனுப்பு. உன்னை மாதிரி நொட்டை சொல்ற ஆளா அனுப்பாத," என்றார்.

அவர் கேட்டபடியே அனுப்பினேன்.

நான் அனுப்பிய ஃபிட்டரை என் வீட்டு ஹீட்டருக்காக விசாரித்து, முன்பே கழித்துக் கட்டியிருந்தேன். அவர் காட்டிய லைசென்ஸ் வேறொருவருடையது. சோதனைக்காக, "வென்டிலேட்டர அடைச்சிட்டு உள்ளயே மாட்டலாமா?" என்று கேட்டதற்கு, "நீங்க சொன்னாச் சரிதான் சார்," என்றார். தங்கமான மனிதர். யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாதவர். என் அண்ணனோ முடியாது என்ற சொல்லைக் காதிலேயே வாங்காதவர். குளிர்காற்று ஆகாது என்று குளியலறை வென்டிலேட்டரில் எப்போதும் துணியை அடைத்து வைப்பவர். கேஸ் எரிந்த புகைக்கு வெளியே போக வழியில்லாவிட்டால், அது வாடையே இல்லாமல் ஆளைச் சாய்த்துவிடும். இது எனக்குத் தெரியும். அவர்கள் இருவருக்கும் தெரியாது.

அண்ணி மட்டும் போனில் கேட்டார்.

"தம்பி, நீங்க விசாரிச்ச ஆள்தானே?"

"நல்லா விசாரிச்சேன் அண்ணி."

"அப்ப எனக்குக் கவலையில்ல."

நான் பொய் சொல்லவில்லை. அண்ணன் சொன்னதும் ஃபிட்டர் அந்தத் துணியை எடுத்துவிட்டு, வென்டிலேட்டரைச் சிமெண்டால் பூசியே கொடுத்தாராம். அண்ணன் அவரைத் தோளில் தட்டிப் பாராட்டினாராம். மறுநாள் காலை குளியலறைக் கதவை உடைத்துத்தான் அண்ணனின் உடலை வெளியே எடுத்தார்கள். நான் எதையும் தொடவில்லை, எதையும் திருகவில்லை. அவர் கேட்டார், கொடுத்தேன்.

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் ஃபிட்டரைப் பிடித்தீர்கள், சரி. என்னைச் சாட்சியாக மட்டும் வைத்தீர்கள், அதுவும் சரி. வாயைத் திறக்காமலே இருந்திருப்பேன். ஆனால் நேற்று உங்கள் ஆள் எங்கள் எல்லோருக்கும் வாசித்துக் காட்டிய அறிக்கையில், தகுதியைச் சரிவர விசாரிக்காமல் தம்பி அலட்சியமாக ஆளை அனுப்பிவிட்டார் என்று இருந்தது. அண்ணி அதற்குத் தலையாட்டினார். அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானாக வந்திருக்கிறேன்.

அண்ணனைக் கொல்லத்தான் அனுப்பினேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், ஆட்சேபம் இல்லை. விசாரிக்காமல் அனுப்பினேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.