தீவிலேயே இருந்தவளுக்கு வந்தது

ஹலோ... ஹலோ, அக்கா? எல்ஸ்பாதான்... ஆமா, ஆஸ்பத்திரியில இருந்து வந்துட்டேன்... ம்... ம்... எடுத்துடணும்னுட்டாங்க. பெருங்குடல் முழுசா. வெள்ளிக்கிழமை... ஆமா ஆமா, இனிமே மலம் போக வயித்துல பைதான்... இல்ல, அழல. அழுகை வரமாட்டேங்குது. உருளைக்கிழங்கு உரிச்சிட்டிருக்கேன்.

...எதனாலயா? யாருக்குத் தெரியும்? ஒரு தாள் குடுத்தாங்க, நாலு பக்கம். சின்ன வயசுல என்ன மருந்து சாப்பிட்ட, ஓடைத் தண்ணி குடிச்சியா, வீட்ல யார் சிகரெட் பிடிச்சாங்க, திமிங்கலக் கறி மாசம் எத்தனை தடவை... தாய்ப்பால் எத்தனை மாசம் குடிச்சன்னு வேற. அதை யார்கிட்டப் போய்க் கேக்க? அம்மா கல்லறையிலயா?

...அதை உனக்கு யார் சொன்னா? அப்பாவா?... ஆமா, போட்டேன். கொட்டகையில காத்துல காயத் தொங்கவிட்டிருந்த ஆட்டுத்தொடை அத்தனையையும் இழுத்துட்டுப் போய்க் கடல்ல போட்டேன்... அந்தக் கறியாலதான் வந்துச்சோன்னு கோவம், வேற என்ன... அப்பா என்கூடப் பேசறதில்ல. கிறிஸ்துமஸுக்கு உனக்கு அனுப்ப வெச்சிருந்ததும் போச்சு... கறியால மட்டும் வராதுன்னுதான் டாக்டரும் சொன்னார். அது ஒண்ணுதான் காரணம்னா, வருஷா வருஷம் வாங்கித் தின்ன உனக்கும் வந்திருக்கணுமே.

இரு, கேளுக்கா... குறுக்க பேசாத. உலகத்துலயே நம்ம ஃபாரோ தீவுங்கள்லதான் இந்தக் குடல்புண் வியாதி ரொம்ப ஜாஸ்தியாம். இங்கிருந்து டென்மார்க் போனவங்களுக்கு, ஒரு பத்து வருஷம் ஆச்சுன்னா, அங்கத்துக்காரங்க அளவுக்குக் குறைஞ்சிடுதாம்... ஆமா, உன்னை மாதிரிதான். ரத்தத்துல மட்டும் இல்லயாம். தண்ணியோ, சாப்பாடோ, என்ன எழவோ, இங்க ஏதோ இருக்கு.

...ம். அதுக்குத்தான் கூப்பிட்டேன். என் பொண்ணை உன்கிட்ட வெச்சுக்கறியா?... விளையாடல. ரன்வாவுக்கு ஒன்பது வயசுதான் ஆகுது. உன் பிள்ளைங்களோட அங்க ஆர்ஹுஸ்ல பள்ளிக்கூடம் போகட்டும்... இல்ல, டாக்டர் அனுப்பச் சொல்லல. அனுப்பினா வராதான்னு கேட்டேன், கையை விரிச்சிட்டார்... தெரியும்க்கா, என்னை விட்டுட்டு இருக்கமாட்டா. பெத்தவ நான், எனக்குத் தெரியாதா?

...நானா? நான் அங்க வந்து என்ன பண்ண? எனக்குத்தான் வந்துடுச்சே.

...இரு, கதவு சத்தம். வந்துட்டா... அக்கா, எனக்கு வாய் வரல. நீயே கேளு. லீவுக்குன்னு சொல்லு. லீவுக்குன்னு மட்டும் சொல்லு...

ரன்வா, செருப்பைக் கழட்டிட்டு வா. பெரியம்மா பேசணுமாம். இந்தா.