உடனே அமுக்கினேன் என்று சொன்னேன்

எனக்கு டீ ஆறிப்போனால் பிடிக்காது, டாக்டர். அன்றைக்கும் சூடாகத்தான் குடித்தேன்.

அண்ணன் கூடத்தில் விழுந்த சத்தம் கேட்டு வந்து பார்த்தேன். மூச்சு இல்லை. நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுப்பவள் நான். நெஞ்சை எப்படி அமுக்குவது என்று ஊருக்கே சொல்லித்தருகிறேன். எதிரே உட்கார்ந்து, குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் அமுக்கினேன். ஆம்புலன்ஸையும் கூப்பிட்டேன்.

அம்மா மூச்சுத் திணறிக் கிடந்தபோது போனை எடுத்த என் கையைப் பிடித்துக்கொண்டவர் இவர். "வயசான உடம்பு. ஆஸ்பத்திரியில போட்டு இழுத்தடிக்காத, விடு." அம்மாவுக்கு நினைவு இருந்தது. என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அப்புறம் துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், கஷ்டப்படாமல் போய்ச் சேர்ந்தாள் என்று இவர் வாய் கூசாமல் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

விழுந்து எவ்வளவு நேரம் கழித்து அமுக்கினேன் என்று கேட்டீர்கள். "உடனே, டாக்டர்" என்றேன். நம்பினீர்கள். மூளைக்கு ஓய்வு வேண்டுமென்று, குளிர்ந்த தண்ணீர் ஓடும் பட்டைகளை நெஞ்சிலும் தொடையிலும் சுற்றி, உடம்பைக் குளிர வைத்தீர்கள். அண்ணி போர்வையோடு ஓடி வந்தாள். நர்ஸ் தடுத்தார். நான்தான் அண்ணியை அணைத்துக்கொண்டு, இது வைத்தியம் என்று புரியவைத்தேன். பிறகு மெள்ள மெள்ளச் சூடேற்றினீர்கள். கண் திறந்தது. அத்தோடு சரி. பேச்சில்லை, கைகால் அசையவில்லை.

அண்ணி வேலைக்குப் போகிறாள். குழாயில் ஆகாரம் ஊற்றுவது, புண் வராமல் புரட்டிப் போடுவது எல்லாம் நான். தங்கச்சி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சொல்லாத ஆள் இல்லை. மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு, அம்மா எப்படிச் செத்தாள் என்று முதலிலிருந்து சொல்வேன். அவர் கண்ணில் நீர் வழியும். துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வேன்.

உடனே அமுக்கியிருந்தால் மூளை இவ்வளவு கெட்டிருக்கக் கூடாதே என்று இன்றைக்குக் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அமுக்காமல் அப்படியே விட்டிருந்தால் அவர் தப்பித்துப் போயிருப்பார், டாக்டர். செத்தவரிடம் என்ன பேச முடியும்?

பழிவாங்கினேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அண்ணன் உயிரோடு இருக்கிறார். காப்பாற்றியது நான்தான்.