பனி விழக் காத்திருந்த நரிக்கதை

அறுந்த நாடாவை ஒட்டிய அருங்கரமே! அயல்மொழிக் குரல்களை அணைத்துக் காத்த அன்புச் செவியே! சுவிஸ் நாட்டு லோசான் ஒலிக்காப்பகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் எம்மோடு உழைத்து ஓய்வுபெற்ற திருமதி சந்திரமதி சிவானந்தராசா அவர்களே! வணக்கம்.

உங்கள் புகழை உங்களிடமே சொன்னால் கையைக் காட்டி நிறுத்திவிடுவீர்கள். ஆகவே சபையோருக்குச் சொல்கிறோம். நீங்கள் சும்மா கேட்டுக்கொண்டிருங்கள்.

துப்புரவுப் பணிக்கு வந்தவர் சந்திரமதி அக்கா. பழுதென்று மூலையில் தள்ளியிருந்த ஒலிப்பதிவுக் கருவியைத் துடைக்கப் போய்த் திருத்தியே விட்டார். யாழ்ப்பாணத்தில் வானொலி திருத்திய கை அல்லவா! அதன்பின் அமெரிக்கப் பழங்குடியினரான அப்பாச்சி மக்களின் முதியோர் பேசிய பழைய ஒலிநாடாக்கள் எல்லாம் அவர் பொறுப்புக்கே வந்தன. அம்மக்களின் கிளைமொழிகளை ஒப்பிட்டு, அவற்றை ஈன்ற ஆதிமொழியை மீட்டுருவாக்க அறிஞர்கள் நம்பியிருந்தது அந்த நாடாக்களைத்தான். அவற்றைத் தந்த அப்பாச்சி மொழிக்குழு ஒரேயொரு வாக்குக் கேட்டது: தம் மரபுப்படி நரிக்கதைகளைப் பனிக்காலத்தில் மட்டுமே ஒலிக்கவிட வேண்டும்.

ஏழாண்டுக்கு முன் ஓர் ஆடி மாதம், நல்ல கோடை. மண்டபம் நிறைய விருந்தினர். நிகழ்ச்சியில் நரிக்கதையைச் சேர்த்த அவசரக்குடுக்கை நம் தேனுஜன்தான். இம்மடலை எழுதியவனும் அவனே. பணிப்பாளர் இருமுறை சைகை காட்டினார். அக்கா பொத்தானை அழுத்தவில்லை. அவருடைய வேலை ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. ஐம்பத்தெட்டு வயதில் வேறு யார் வேலை தருவார்? ஆனாலும் நாடாவைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார்.

“அக்கா, வேலை போயிடும்!” என்றான் தேனுஜன்.

“போனால் போகட்டும். அந்தச் சனத்துக்குக் குடுத்த வாக்குப் போகக்கூடாது. விண்டர் வரட்டும், நானே போடுறன்.”

பணிப்பாளர் மூன்று நாள் முகம்கொடுத்துப் பேசவில்லை. நான்காம் நாள், புதிய ஒப்பந்தத்தைத் தாமே கொண்டுவந்து கொடுத்தார். செய்தி அப்பாச்சி மொழிக்குழுவுக்கும் எட்டியது. அதுவரை எவருக்கும் கொடாத பதினொரு பெட்டி நாடாக்கள் ஐப்பசியில் வந்து இறங்கின. அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் தேடிய சொற்கள் பல அவற்றில் இருந்தன. படித்தவர்கள் திறக்கமுடியாத கதவை அக்காவின் பிடிவாதம் திறந்தது!

அம்மையே! ஆவணியில் முடிந்த பணிக்குத் தையில் விழா எடுப்பதேன் என்று பலர் கேட்டனர். உங்களுக்கு விளங்கும். நலமும் நகைப்பும் குன்றாது இன்னும் பல பனிக்காலங்கள் காண்க!

வெளியே பனி கொட்டுகிறது. அந்த நரிக்கதை நாடா கருவியில் ஏறியிருக்கிறது. வந்து பொத்தானை அழுத்துங்கள், அக்கா. தேனுஜன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறான்.

என்றும் உங்கள்
ஒலிக்காப்பகத் தமிழ்ப் பணியாளர்கள்,
லோசான்