சகலையின் புது வண்டியில் என் டிரெய்லரை மாட்டியது பற்றி

இந்த வழக்கில் இது என் இரண்டாவது வாக்குமூலம். என் பெயர், தகப்பனார் பெயர், முகவரி ஆகியவை பதினொரு நாட்களுக்கு முன் இதே நிலையத்தில் நான் கொடுத்த முதல் வாக்குமூலத்தில் உள்ளபடியே. அவற்றில் திருத்தம் இல்லை, திருத்தம் மற்றவற்றில்தான். வயது அறுபத்தாறு. மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். டயர் கடைக்குப் பின்புறம் உள்ள வீட்டின் கீழ்த்தளத்தில் மனைவியுடன் குடியிருக்கிறேன். யாரும் அழைக்காமல் நானாக வந்து, ஆய்வாளர் முன்னிலையில் இதைச் சொல்கிறேன். உதாரணம் இல்லாமல் எதையும் விளக்கிப் பழக்கமில்லாதவன் என்பதால், எழுதிக்கொள்ளும் தலைமைக் காவலர் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன். அவர் சரி என்றார்.

என்னிடம் இருபத்தேழு வருடப் பழைய ஃபோர் வீல் டிரைவ் டீசல் வண்டி ஒன்று இருக்கிறது. அதன் பின்னால் கட்டி இழுக்க, பதினெட்டு வருடங்களுக்கு முன் ஒரு வெல்டரை வைத்து நானே டிரெய்லர் ஒன்று செய்தேன். கூடாரம், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதில் அடங்கும். நிறைத்தால் எண்ணூறு கிலோ. என் மனைவியின் தங்கையும் அவள் கணவரும், அதாவது என் சகலையும், நாங்கள் இருவருமாக நான்கு பேர், பதினெட்டு வருடமாக காடு மேடெல்லாம் என் வண்டியில்தான் போய்வந்தோம். சகலை எனக்கு ஏழு வயது இளையவர். குளிர்சாதனப் பெட்டிகள் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார்.

ஆறு மாதத்துக்கு முன் அவர் புது ஃபோர் வீல் டிரைவ் ஒன்று வாங்கினார். வாங்கியதும் தன் வீட்டுக்குக் கூடப் போகாமல் நேரே என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "முதல்ல நீங்க உக்காருங்கண்ணே, அப்புறம்தான் நான்" என்று சாவியைக் கொடுத்தார். நான் உட்கார்ந்தேன். இருக்கை ரொம்ப மெத்தென்று இருக்கிறது, முதுகுக்கு ஆகாது என்று சொன்னேன். முதுகுக்கு அது நன்றாகவே இருந்தது.

அதன் பிறகு ஆறு மாதமும் நான் இரண்டு வண்டிகளையும் ஒப்பிட்டுப் பேசுவதே வேலையாக இருந்தேன். பழைய வண்டியில் உள்ளதெல்லாம் இரும்பு, கண்ணுக்குத் தெரியும், காட்டில் நின்றாலும் ஒரு ஸ்பேனரும் கம்பியும் இருந்தால் கிளப்பிவிடலாம். புது வண்டியில் ஒரு சென்சார் போனால் கம்ப்யூட்டர் வைத்திருப்பவன் வர வேண்டும் என்றேன். ஒருநாள் சகலை சிரித்துக்கொண்டே, "வாஸ்தவம்ணே. உங்க வண்டிய எங்க வேணாலும் ரிப்பேர் பண்ணலாம். எங்க வேணாலும் பண்ணியாகவும் வேண்டியிருக்கே" என்றார். என் மனைவி கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

சென்ற மாதம் பதினான்காம் தேதி சனிக்கிழமை காலை, அணைக்கு மேலே உள்ள முகாம் மைதானத்துக்குப் புறப்பட்டோம். டிரெய்லரைப் புது வண்டியில் மாட்டலாம் என்று சொன்னது என் மனைவி. "தம்பி வண்டியில இழுக்கறதே தெரியாதாமே. அதுல ஏசியும் இருக்கு" என்றாள். ஒன்று நின்றுவிட்டால் இன்னொன்று வேண்டும் என்று சொல்லி நான் என் வண்டியையும் எடுத்தேன். அக்காவும் தங்கையும் புது வண்டியில் ஏறினார்கள். என் வண்டியில் முதுகுக்கு அண்டக்கொடுக்க என் மனைவி எப்போதும் ஒரு போர்வையை மடித்து வைத்துக்கொள்வாள். பழக்க தோஷத்தில் அதை எடுத்துப் போனவள், தேவைப்படாததால் மடி மேல் வைத்துக்கொண்டாள்.

டிரெய்லரை மாட்டுவதற்கு வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, என் வண்டி என்றால் மனைவி பின்னால் நின்று "வா, வா, வா, போதும்!" என்று கை காட்டுவாள், மூன்று நான்கு தடவை முன்பின் போக வேண்டும். சகலை உள்ளே இருந்த பின்பக்கக் கேமராவின் திரையைப் பார்த்தபடி ஒரே தடவையில் கொண்டுவந்து, பந்துக்கு நேர் மேலே டிரெய்லரின் கிண்ணம் வரும்படி நிறுத்தினார். பந்து என்றால் வண்டியின் பின்புறம் உள்ள இரும்பு உருண்டை. அதன் மேல் டிரெய்லரின் முன்னால் உள்ள இரும்புக் கிண்ணம் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும்.

அப்போது அந்தப் பந்து எனக்குச் சிறியதாகத் தெரிந்தது. அது வண்டியோடு வந்தது அல்ல, சகலை தனியாக ஒரு கடையில் வாங்கி மாட்டியது. நான் என் கருவிப் பெட்டியில் இருந்த வெர்னியர் காலிப்பரை எடுத்து, செருப்பு வார் சரிசெய்வது போலக் குனிந்து அளந்தேன். நாற்பத்தேழு புள்ளி ஆறு மில்லிமீட்டர். என் டிரெய்லரின் கிண்ணம் ஐம்பது மில்லிமீட்டர் பந்துக்கானது. பந்தில் இரண்டு அளவுகள் உண்டு என்பது இழுவைப் பழக்கம் உள்ளவர்களுக்குத் தெரியும், புதிதாக இழுப்பவர்களுக்குத் தெரியாது. ஆய்வாளருக்கு விளங்குவதற்காக, மேசை மேல் இருந்த சிறிய தண்ணீர் பாட்டிலின் மேல் பெரிய பாட்டிலின் மூடியை வைத்துக் காட்டினேன். உட்காரும், மூடியது போலவே இருக்கும். ஆட்டினால் கழன்றுவிடும். கழன்றது.

நான் காலிப்பரைப் பெட்டிக்குள் வைக்கும்போது சகலை, "அண்ணே, இந்தப் பந்தெல்லாம் ஒரே சைஸ்தானே?" என்று கேட்டார். முதல் வாக்குமூலத்தில் பந்தின் அளவைப் பற்றி எந்தப் பேச்சும் எங்களுக்குள் நடக்கவில்லை என்று சொன்னேன். அது பொய். அவர் கேட்டார். நான், "உங்க வண்டிக்குத்தான் எல்லாம் தெரியுமே, அதுகிட்டயே கேளுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு பூட்டை அழுத்தினார். 'டக்' என்று விழுந்தது.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. புறப்படும் முன் நான் வருகைப் பதிவு எடுப்பது போல ஒவ்வொன்றாகக் கூப்பிடுவேன். அதைப் பார்த்தவர் "உள்ளேன் ஐயா" என்பார். பந்து, சங்கிலி, விளக்கு, காற்று, தண்ணீர் மூடி என்று அந்த வரிசை பதினெட்டு வருடமாக மாறியதில்லை. அன்று நான் சங்கிலியிலிருந்து தொடங்கினேன். பந்தைக் கூப்பிடவில்லை. ஒருவரும் கவனிக்கவில்லை. சங்கிலிக்குச் சகலை "உள்ளேன் ஐயா" என்றார். வழக்கமாக யார் உள்ளேன் என்றாலும் நான் ஒருமுறை குனிந்து சங்கிலியை இழுத்துப் பார்ப்பேன். அன்று குனியவில்லை. குனிந்தால் பந்தை மறுபடி பார்க்க வேண்டும். பூட்டு கழன்றாலும் டிரெய்லர் ஓடிவிடாமல் பிடிப்பது இந்தச் சங்கிலிதான். அதன் கொக்கி புது வண்டியின் துளைக்குள் நுழையாததால், சகலை பட்டறையில் இருந்த ஒரு சிறிய வளையத்தைப் போட்டு இணைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. குனிந்திருந்தால் தெரிந்திருக்கும்.

நான் என்ன நினைத்தேன் என்று ஆய்வாளர் கேட்டதால் சொல்கிறேன். யாருக்கும் அடிபட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஏதாவது ஒரு குழியில் டிரெய்லர் கழன்று சங்கிலியில் தொங்கும், எல்லோரும் இறங்கிப் பார்ப்பார்கள், அப்புறம் என் வண்டியில் மாட்டிக்கொண்டு மேலே போவோம் என்று நினைத்தேன். நூற்று நாற்பது கிலோமீட்டரும் அதன் பின்னாலேயே போனேன். அது கழலவில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் பார்த்துக்கொண்டே போனேன்.

மாலை நான்கு மணிக்கு முகாமை அடைந்தோம். கீழ் மைதானத்தில் எட்டுப் பத்துக் கூடாரங்கள் இருந்தன, குழாயடியில் பெண்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு மேல் மைதானம். நடுவில் சேறும் கல்லுமாக ஒரு செங்குத்து மேடு, அதன் பாதியில் குறுக்கே ஒரு வாய்க்கால் பள்ளம். நான் கீழே இறங்கி, மண்டியிட்டு, நான்கு சக்கரமும் இழுப்பதற்காக முன் சக்கரங்கள் இரண்டின் பூட்டையும் கையால் திருகிவிட்டு ஏறுவதற்குள் முழங்காலெல்லாம் சேறு. சகலை உள்ளே இருந்தபடியே ஒரு குமிழைத் திருகினார்.

அந்த வண்டி மேடு ஏறியதை நான் பின்னால் இருந்து பார்த்தேன். நாலு சக்கரங்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். நாலு பையன்கள் ஒரு பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஒருவனுக்குக் கால் வழுக்குகிறது. பழைய வண்டியில், வழுக்குகிறவனுக்கே பலத்தை எல்லாம் கொடுப்போம்; அவன் நின்ற இடத்தில் சுற்றிக்கொண்டிருப்பான். புது வண்டி வழுக்குகிறவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, அந்தப் பலத்தை மற்ற மூவருக்கும் பிரித்துக் கொடுக்கிறது. எண்ணூறு கிலோவை இழுத்துக்கொண்டு, புகை இல்லாமல், சத்தம் இல்லாமல் அது போனது. கண்ணாடி வழியாக உள்ளே அக்காவும் தங்கையும் ஏதோ பேசிச் சிரிப்பது தெரிந்தது. என் வயிறு எரிந்தது. ஆய்வாளர் இதை எழுத வேண்டுமா என்றார். எழுதுங்கள் என்றேன்.

முகாம் காவலாளி, மேடு ஏறும் டிரெய்லர்களுக்குப் பின்னால் மரக்கட்டையோடு நடந்து வருவார். வண்டி நின்றால் சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பது அவர் வேலை. வாய்க்கால் பள்ளத்தில் டிரெய்லரின் முன்பக்கம் எகிறியது, கிண்ணம் பந்திலிருந்து கழன்றது, வளையம் விரிந்து சங்கிலி விட்டது. உடனே புது வண்டியின் ஹாரன் நீளமாக அடித்தது. காவலாளி ஒதுங்கப் பார்த்தார், பாதிதான் ஒதுங்கினார். டிரெய்லர் பின்னோக்கி உருண்டு அவர் வலது காலில் மோதி, கீழே நின்ற என் வண்டியின் முன் பம்பரில் வந்து இடித்து நின்றது. அவருக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது.

அதன் பிறகு நடந்தது முதல் வாக்குமூலத்தில் சரியாகவே உள்ளது, ஒன்றைத் தவிர. குழாயடியில் இருந்தவர்களைக் காப்பாற்றுவதற்காக நான் வண்டியைக் குறுக்கே நிறுத்தினேன் என்று மற்றவர்கள் சொன்னதை அதில் நான் மறுக்கவில்லை. உண்மையில் நான் நிறுத்தவில்லை. என் வண்டி ஏற மாட்டாமல் அங்கே சேற்றில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தது.

வண்டியைச் சோதித்தவர், அளவு பொருந்தாத பந்தில் மாட்டியது ஓட்டுநரின் கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்ததால், வழக்கு சகலையின் மேல் பதிவாகியிருக்கிறது. நாலு நாள் முன்பு அவரும் என் மைத்துனியும் வீட்டுக்கு வந்தார்கள். சகலை விபத்து நடந்த அன்றிலிருந்து ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. "அண்ணே, உங்க வண்டி மாதிரி பழசா ஒண்ணு பாத்துக் குடுங்க. இதை வித்துடறேன்" என்றார். மைத்துனி, "அத்தான் படிச்சுப் படிச்சு சொன்னாரு. இவர்தான் கேக்கல" என்றாள். என் மனைவி, "நல்லவேளை, அன்னிக்கு நம்ம வண்டி இருந்துச்சு" என்றாள். இந்த மூன்றையும் கேட்க வேண்டும் என்றுதான் நான் ஆறு மாதம் ஆசைப்பட்டேன். மூன்றும் ஒரே சாயங்காலத்தில் கிடைத்தன.

அதன் பிறகு நேற்று மருத்துவமனைக்குப் போய்க் காவலாளியைப் பார்த்தேன். "அந்த ஹாரன் அடிக்கலேன்னா நான் நிமிந்தே பாத்திருக்க மாட்டேன் சார், மேலேயே ஏறியிருக்கும்" என்றார். சகலையைக் கேட்டேன். டிரெய்லர் விளக்குகளின் மின் இணைப்பு விட்ட கணமே திரையில் சிவப்பாக எழுத்து வந்து அலறியதாகவும், பார்த்ததும் ஹாரனில் கை வைத்ததாகவும் சொன்னார். என் வண்டியில் கட்டியிருந்து கழன்றிருந்தால், கண்ணாடியில் பார்க்கும் வரை எனக்குத் தெரிந்திருக்காது.

ஆகவே பந்து பொருந்தாது என்று தெரிந்தவன் நான் ஒருவனே. சகலைக்குத் தெரியாது. அவர் கேட்டார், நான் சொல்லவில்லை. இந்த நேரம் அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நான் அவருக்காக நாலு நல்ல வார்த்தை சொல்ல வந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். கையெழுத்தானதும் இதை அவருக்கு நானே படித்துக் காட்ட அனுமதி கேட்டேன். ஆய்வாளர் அனுமதித்தார்.

கடைசியாக ஆய்வாளர், "ரெண்டு வண்டியையும் நல்லாப் பாத்தவர் நீங்க. நாளைக்கு அதே மேட்டுல அதே டிரெய்லரை ஏத்தணும்னா, எதுல கட்டுவீங்க சார்?" என்று கேட்டார். தலைமைக் காவலர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். சரியான பந்தை மாட்டி, என் சகலையின் வண்டியில் கட்டுவேன் என்றேன். இது வழக்குக்குத் தேவையில்லை, விட்டுவிடலாம் என்றார் ஆய்வாளர். விட வேண்டாம், எழுதுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டதன் பேரில் இதுவும் எழுதப்பட்டது.

இவ்வளவும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது. நிர்ப்பந்தம் எதுவும் இல்லாமல் நானே சொன்னது. இதற்கு மாறாக என் முதல் வாக்குமூலத்தில் உள்ளவற்றை அடித்துவிடவும்.

(ஒப்பம்)
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்)
காவல் ஆய்வாளர்